மூட்டுவலிக்குச் சூடா, ஐஸா? பராமரிப்பாளர்களுக்கு எழுதி ஒட்ட ஒரு பக்கக் குறிப்பு தேவை

பகல்டூட்டி:

வணக்கம். முதியோர் இல்லம் ஒன்றின் பராமரிப்பாளர்களுக்காகச் சுவரில் ஒட்டும் குறிப்பு ஒன்று தயாரிக்கிறேன். இல்லத்தில் இருப்பவர்கள் 22 பேர். பெரும்பாலோருக்கு முழங்கால் தேய்மானம். மூன்று பேருக்கு ரூமட்டாய்டு வகை முடக்குவாதம், அதுவும் கைவிரல்களில்தான் அதிகம். ஒருவருக்கு யூரிக் அமிலத்தால் கால் கட்டைவிரல் வீங்கிக்கொள்ளும் கவுட். பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை. பிசியோ வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். மீதி ஆறு நாளும் ஒத்தடம் கொடுப்பது ஆயாக்களும் நைட் டூட்டிப் பெண்களும்தான்.

கைவசம் இருப்பவை: ரப்பர் வெந்நீர்ப் பை, கரண்டில் சுடவைக்கும் ஜெல் பை, ஃப்ரீசரில் நீல ஜெல் பேக், கல் உப்பு, இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு சமையல் தெர்மாமீட்டர்.

"தேய்மானம் என்றால் சூடு, முடக்குவாதம் என்றால் ஐஸ்" என்று நோயின் பெயரை வைத்தே ஒரு அட்டவணை போட்டுவிடலாமா? எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி என்று எண்ணாகச் சொன்னால்தான் எழுதி ஒட்ட முடியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மொத்தமாகத் தடை போடுவதா? வாளியில் மாற்றி மாற்றிக் காலை வைப்பது, மெழுகில் கையை முக்குவது, இவை இரண்டையும் இல்லத்திலேயே செய்யலாமா என்றும் கேட்கிறார்கள்.

மூட்டசைவு:

பெயரை வைத்து அட்டவணை போடாதீர்கள். பாதி நாள் தப்பாகப் போகும். அன்றைக்கு அந்த மூட்டு எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயாக்களுக்குச் சொல்லித்தர ஒரே ஒரு சோதனை போதும். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால் முதலில் தொடையைத் தொடச் சொல்லுங்கள், அடுத்து முழங்கால் சிப்பி, அதன்பின் கெண்டைக்கால் முன்பக்கம். நல்ல முழங்கால் சிப்பி மேலேயும் கீழேயும் உள்ள இடங்களைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். அது தொடைக்குச் சமமாகவோ அதைவிடச் சூடாகவோ இருந்தால் உள்ளே அழற்சி நடக்கிறது, அன்றைக்கு ஐஸ். சிப்பி குளிர்ந்திருக்கிறது, வீக்கம் இல்லை, ஆனால் உட்கார்ந்து எழும்போது பிடித்துக்கொள்கிறது என்றால் சூடு. இந்தக் கணக்கில் தேய்மானக்காரர் கோயிலுக்கு நடந்துவிட்டு வந்த அன்று ஐஸ் பக்கம் வருவார். முடக்குவாதக்காரர் நோய் அடங்கியிருக்கும் மாதங்களில் சூட்டுப் பக்கம் போவார்.

சூடான மூட்டுக்கு ஏன் மேலும் சூடு கூடாது? வலி கூடும் என்பது மட்டும் காரணம் இல்லை. சாதாரண முழங்காலின் உள்வெப்பம் ஏறத்தாழ 32, 33 டிகிரி. அழற்சி வந்தால் 36ஐத் தொடும். குருத்தெலும்பின் கொலாஜன் என்ற புரதத்தை அரிக்கும் நொதி 33 டிகிரியில் இருப்பதைவிட 36இல் கணிசமாக வேகமாக வேலை செய்யும் என்று 1974லேயே ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டார்கள். ஏற்கெனவே கொதிக்கிற பானைக்கு அடியில் நாமும் விறகு வைக்கக் கூடாது.

நேரம்: சூடு 15 முதல் 20 நிமிடம். ஐஸ் 10 முதல் 15. எதையும் 20 நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், சுகமாயிருக்கு" என்பார்கள். தீக்காயங்கள் பெரும்பாலும் அந்தக் கூடுதல் நேரத்தில்தான் வருகின்றன. ஒருமுறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மேலிருந்து கொடுக்கும் சூடு ஒரு சென்டிமீட்டர் ஆழம் போனாலே அதிகம். விரல் மூட்டுக்கு அது போய்ச் சேரும், முழங்காலுக்கு ஓரளவு. இடுப்பு மூட்டுக்குப் போகவே போகாது. அங்கே சூடு வேலை செய்வது மேலே உள்ள தசையின் இறுக்கத்தில். ஆகவே இடுப்புக்குக் கொடுத்து வலி குறையவில்லை என்று பையை இன்னும் சூடாக்குவதில் பயனில்லை.

இன்னொன்று, இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: ஒத்தடம் கொடுத்துப் படுக்கவைத்தால் பாதி வேலை வீண். சூட்டால் கிடைக்கும் தளர்வு அரை மணிக்குள் குறையத் தொடங்கிவிடும். பையை எடுத்த கையோடு குதிகாலைப் படுக்கையில் தேய்த்து முழங்காலை மடக்கி நீட்டுவது 10 முறை, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து நொடி அழுத்திப் பிடிப்பது 10 முறை. காலையில் எழுந்ததும் சூடு, பயிற்சி. மாலையில் நடந்தபின் மூட்டு சூடேறியிருந்தால் ஐஸ்.

சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம் என்று சொல்லும் நிலை ஒன்று உண்டு. ஒரே ஒரு மூட்டு, ஒரு நாள் இரண்டு நாளில் திடீரென்று சிவந்து வீங்கி, தொடவே விடாமல், கால் ஊன்ற முடியாமல் போனால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் விஷயத்தில் காய்ச்சல் இல்லாமலும் வரும். "காய்ச்சல் இல்லையே" என்று காத்திருக்க வேண்டாம்.

வார்டு_அக்கா:

மூட்டசைவு சார் சொன்னதோடு, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைத் தனியாக எழுதி, அதை முதலில் ஒட்டுங்க.

சர்க்கரைக்காரங்க எல்லாருக்கும் தடைன்னு போட்டா, பாவம், பாதிப் பேருக்கு வலியோடதான் இருக்கணும். உணர்வைச் சோதிச்சுப் பாருங்க. ரெண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர், ஒண்ணுல 40 டிகிரி வெந்நீர், ஒண்ணுல ஐஸ் தண்ணி. கண்ணை மூடச் சொல்லி, ஒத்தடம் கொடுக்கப்போற இடத்திலேயே மாத்தி மாத்தி வெச்சு "சூடா, குளிரா?"ன்னு கேளுங்க. பத்துக்கு ஒண்ணு ரெண்டு தப்பினாகூட அந்த இடத்துக்கு வேண்டாம். சர்க்கரையால உணர்வு போறது பாதத்தில ஆரம்பிச்சு மேல ஏறும். பாதம் மரத்தவங்களுக்கு முழங்கால்ல நல்ல உணர்வு இருக்கலாம். அதனால பாதத்துக்குத் தடை, முழங்காலுக்குச் சோதிச்சுட்டு அனுமதின்னு ஆளுக்கொரு சீட்டு எழுதணும். ஞாபக மறதி இருக்கறவங்க சரியாப் பதில் சொல்ல மாட்டாங்க, சுட்டாலும் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குக் கூடவே ஆள் உட்காரணும், இல்லேன்னா விட்டுடணும்.

யாருமே யோசிக்காத ஒண்ணு: இன்சுலின் தொடையில போடறவங்களுக்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல அதே தொடைக்குச் சூடு வெச்சா இன்சுலின் சீக்கிரமா ரத்தத்துல ஏறி, சர்க்கரை திடீர்னு இறங்கிடும். முழங்காலுக்குச் சூடு தேவைப்படறவங்களுக்கு ஊசியை வயித்துக்கு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஐஸ் கூடாதவங்க: குளிர்ல விரல் வெளுத்து, அப்புறம் நீலமாகறவங்க (முடக்குவாதக்காரங்கள்ல சிலருக்கு இது இருக்கும், கேட்டு வெச்சுக்குங்க), கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவங்க, குளிர் பட்டா தடிப்புத் தடிப்பா வர்றவங்க. சூடு கூடாதவங்க: கால்ல ரத்தம் உறைஞ்சிருக்குன்னு சந்தேகம் உள்ளவங்க, புண்ணு உள்ள இடம், அடிபட்டு ரெண்டு மூணு நாள் ஆகாத இடம்.

ரப்பர் பைக்குக் கொதிக்கற தண்ணியை ஊத்தவே கூடாது. ஒரு பங்கு கொதிநீருக்கு ரெண்டு பங்கு குழாய்த் தண்ணி கலந்தா 53 டிகிரி சுமாருக்கு வரும், பையில ஊத்தினதும் 50க்கு இறங்கிடும். மூணுல ரெண்டு பாகம் மட்டும் நிரப்பி, பையைப் படுக்கவெச்சுக் காத்தை வெளியேத்திட்டு மூடியைத் திருகுங்க. தலைகீழாப் பிடிச்சு உலுக்கிப் பாருங்க. மேல டர்க்கி டவல் ரெண்டு சுத்து. பை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா, இல்ல மடிச்சுப் பார்க்கறப்ப வெடிப்பு தெரிஞ்சா தூக்கிப் போடுங்க. நல்ல பைகள்ல கழுத்துப் பக்கம் பூ மாதிரி ஒரு வட்டம் இருக்கும், அது தயாரிச்ச வருஷம்.

கரண்ட் ஜெல் பையில இன்னும் கவனம். பலதுல மின்முனைகள் அந்தத் திரவத்துக்குள்ளயே இருக்கு. பிளக்கைக் கழட்டின பிறகுதான் உடம்புல வைக்கணும். சுடறப்ப படுக்கையாக, எதுவும் அழுத்தாம வைக்கணும், மடியில வெச்சுச் சுட வைக்கக் கூடாது. கழட்டினதும் ரெண்டு தடவை மெதுவா குலுக்குங்க. சொருகற இடத்துக்கிட்ட உள்ள திரவம் மட்டும் கொதிச்சுக்கிட்டிருக்கும். உப்பின பை, ஈரம் கசியற பை நேரா குப்பைக்கு.

பை மேல படுக்க விடாதீங்க. உடம்பு எடை அழுத்தினா அந்த இடத்துல ரத்தம் ஓடி சூட்டை எடுத்துப்போக வழியில்லாம தோல் வெந்துடும். மூட்டு மேலதான் பை, பை மேல மூட்டு இல்ல. அஞ்சாவது நிமிஷம் துணியைத் தூக்கிப் பாருங்க: இளஞ்சிவப்பு சரி, திட்டுத் திட்டா செக்கச்செவேல்னு வெள்ளை கலந்து இருந்தா உடனே எடுங்க. தினமும் ஒரே இடத்துல சூடு வெச்சு, தோல்ல வலை பின்னின மாதிரி பழுப்புக் கோடு வந்துட்டா அந்த இடத்துக்குச் சூட்டை நிறுத்துங்க.

தைலம், பாம், வலி ஜெல் தேய்ச்ச இடத்துல சூடு வைக்கறது எல்லா வீட்டுலயும் நடக்கற தப்பு. மருந்து வேகமா உள்ள போகும், மேல கொப்புளம் வரும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சுட்டுதான் சூடு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு விண்டர்கிரீன் எண்ணெய் கலந்த தைலமே வேண்டாம், சூட்டோட சேர்ந்தா இன்னும் மோசம். வலிக்கு ஃபென்டனில் பட்டை (தோல் வழியா மருந்து இறங்கற ஒட்டு) ஒட்டியிருந்தா அது கிட்டக்கூட சூடு போகக் கூடாது.

நொச்சிக்காடு:

கல் உப்பு இருப்பதாகச் சொன்னீர்கள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒற்றடமும் ஒன்று. பெயரிலேயே முறை இருக்கிறது: ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் ஒற்றடம், பேச்சில் ஒத்தடம். வைத்துக் கட்டுவது வேறு வகை. உப்பு முடிச்சை முழங்காலில் வைத்துவிட்டு டீ போடப் போவதால்தான் கொப்புளம் வருகிறது.

கனமான இரும்புச் சட்டியில் அரைக் கிலோ கல் உப்பு, நடுத்தரத் தீ, எண்ணெய் வேண்டாம். முதலில் படபடவென்று வெடிக்கும். உப்புப் பரலுக்குள் சிக்கிய நீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு அடங்கியதும் இறக்குங்கள். அந்த நேரத்தில் உப்பு நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும், ஆகவே உடனே கட்டக் கூடாது. தட்டில் கொட்டி மூன்று நிமிடம் பரப்பிவிட்டு, இரண்டு மடிப்புப் பருத்தி வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டுங்கள். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டாம். கொடுப்பவர் தன் முழங்கையின் உள்பக்கத்தில் ஐந்து நொடி வைத்துப் பார்க்க வேண்டும், பொறுக்க முடிந்தால்தான் அடுத்தவருக்கு. முதல் இரண்டு நிமிடம் தொட்ட இடத்தில் இரண்டு நொடிக்கு மேல் நிற்காமல் சிப்பியைச் சுற்றி ஒற்றிக்கொண்டே போங்கள். சூடு தணியத் தணியச் சற்று அழுத்தலாம்.

ஒரே எடைத் தண்ணீர் தேக்கும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உப்பு தேக்கும். ஏழெட்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆகவே இரண்டு முடிச்சு கட்டி, ஒன்று கையில் இருக்கும்போது மற்றது வாணலியில். ஆறியதை ஈடுகட்ட மறுமுறை அதிகமாகச் சுடவைப்பதுதான் அடுத்த தப்பு.

நொச்சி இலை கிடைத்தால் விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவார்கள். மணமும் இதமும் உண்டு, ஆனால் எண்ணெய் தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடித்துவைக்கும். உப்பு முடிச்சைவிட இன்னும் ஆறவிட்டே தொட வேண்டும். எருக்கம் இலையைத் தெரியாதவர்கள் கையில் கொடுக்காதீர்கள், அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. கடுகு, பூண்டு அரைத்துக் கட்டுவது முதியோர் தோலுக்கு வேண்டவே வேண்டாம். அதில் வரும் எரிச்சல் சூடு இல்லை, வேதிப்புண்.

வாளிக்கணக்கு:

எண் கேட்டீர்கள் அல்லவா, கலவைக் கணக்கு இதோ. தெர்மாமீட்டர் இருந்தாலும் இதைத் தெரிந்துவைத்தால் வேலை சுலபம்.

குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் கிட்டத்தட்ட 42. வாளிக்கு 2 லிட்டர் கொதிநீர், 10 லிட்டர் பச்சைத் தண்ணீர். ஊட்டி மாதிரி இடத்தில் தண்ணீர் 18 டிகிரி என்றால் ஒன்றுக்கு இரண்டரை. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் 35 இருக்கும்போது ஒன்றுக்கு எட்டரை, ஒன்பது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் கொதிநீர், கரண்டியால் கலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். கலக்காவிட்டால் மேலே சுடும், அடியில் ஆறியிருக்கும்.

குளிர் வாளியில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஒரு ஐஸ் டிரேயில் சுமார் கால் கிலோ ஐஸ் இருக்கும். அதை 6 லிட்டர் தண்ணீரில் போட்டால் 30 டிகிரி 25க்குத்தான் இறங்கும். அது ஐஸ் தண்ணீர் இல்லை, பானைத் தண்ணீர். 15 டிகிரிக்குக் கொண்டுவர 900 கிராம் ஐஸ் வேண்டும். கழுவிய ஒரு லிட்டர் பாட்டிலில் முக்கால்வரை நீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, அப்படி இரண்டை அரை மணி முன்பே வாளியில் மிதக்கவிடலாம். பாட்டில் மெதுவாகத்தான் குளிர்விக்கும், ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படும்.

மாற்றி மாற்றி வைப்பதற்கு: சூடு 40 முதல் 42 டிகிரியில் 4 நிமிடம், குளிர் 15 முதல் 18இல் 1 நிமிடம். இப்படி நான்கு சுற்று, மொத்தம் 20 நிமிடம். தொடங்குவது சூட்டில், முடிப்பது குளிரில். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு சூட்டு வாளி 40க்குக் கீழே போயிருக்கும். காலை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் கொதிநீர் சேர்க்க வேண்டும். இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

வார்டு_அக்கா:

குளிர்லதான் முடிக்கணும்னு இல்ல வாளிக்கணக்கு சார். வீக்கம் இருந்தா குளிர்ல முடிக்கலாம். விறைப்புக்காகச் செய்யறப்ப சூட்டுல முடிச்சாதான் உடனே விரலை அசைக்க வெக்க முடியும். இதய நோய், கட்டுப்படாத பி.பி. உள்ளவங்களுக்கும், பாதம் மரத்த சர்க்கரைக்காரங்களுக்கும் இந்த வாளி வைத்தியமே வேண்டாம். 22 பேர் இருக்கற இடத்துல ஆளுக்கு 20 நிமிஷம், ரெண்டு வாளி, ஈரத்தரை. வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சா வந்த வலியே தேவலைன்னு ஆயிடும். நானா இருந்தா இதைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவேன்.

பகல்டூட்டி:

எல்லாருக்கும் நன்றி. வாளியை எடுத்துவிடுகிறேன். மூன்று சந்தேகம். ஜெல் பேக்கை நேராக ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைக்கலாமா? கவுட் உள்ளவருக்கு வலி வரும்போது சூடு கேட்கிறார், கொடுக்கலாமா? மெழுகு பற்றி யாரும் சொல்லவில்லை.

மூட்டசைவு:

ஜெல் பேக் ஐஸைவிட ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. உருகும் ஐஸ் எவ்வளவு நேரமானாலும் 0 டிகிரிக்குக் கீழே போகாது. ஜெல் உறையாமல் நெளிவதே அதன் உறைநிலை தாழ்ந்திருப்பதால்தான். ஃப்ரீசர் மைனஸ் 18 என்றால் பேக்கும் மைனஸ் 18. எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, உலர்ந்த துணி இரண்டு மடிப்புச் சுற்றி, 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஐஸ் கட்டி என்றால் ஈரம் பிழிந்த டவலில் சுற்றுங்கள். உலர்ந்த தடித்த டவலில் சுற்றினால் குளிர் உள்ளே இறங்காது, பத்து நிமிடம் வீண். ஈரம் குளிரை வேகமாகக் கடத்தும், அதே காரணத்துக்காகத்தான் ஜெல்லுக்கு ஈரத்துணி வேண்டாம் என்கிறேன்.

முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே ஓர் எலும்பு உருண்டை தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. பேக்கை அங்கே இறுக்கிக் கட்டி அரை மணி விட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும். ஒல்லியானவர்களுக்கு அபாயம் அதிகம். முழங்கையின் உள்பக்கத்திலும் அப்படி ஒரு நரம்பு உண்டு. பேக்கைச் சிப்பியின் முன்புறமும் உள்பக்கமும் வையுங்கள், எலாஸ்டிக் பட்டையால் இறுக்க வேண்டாம்.

ஒரு சிறிய இடத்தில் மட்டும் வலி என்றால் ஐஸ் மசாஜ் நல்லது. பேப்பர் கப்பில் தண்ணீரை உறையவைத்து, விளிம்பைக் கிழித்து, வலிக்கும் இடத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள், நிறுத்தாமல். முதலில் குளிர், அப்புறம் எரிச்சல், அப்புறம் ஒரு குடைச்சல், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் நிறுத்த வேண்டும். 5 முதல் 10 நிமிடத்தில் இது முடிந்துவிடும். எரிச்சல் கட்டத்தில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கவுட் வந்த கட்டைவிரலுக்குச் சூடு கூடாது, ஐஸ்தான். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி என்ற மூட்டு நோய் மருத்துவர்கள் அமைப்பின் 2020 வழிகாட்டுதலும் மருந்தோடு துணையாக ஐஸ் வைப்பதை ஏற்கிறது. பேக்கின் எடையைக்கூடத் தாங்க மாட்டார், போர்வை பட்டாலே அலறுவார். நொறுக்கிய ஐஸை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் துணி சுற்றி, விரலின் பக்கவாட்டில் அணைத்தாற்போல் 10 நிமிடம். அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் அக்கா சொன்ன டம்ளர் சோதனை முதலில்.

மெழுகு பற்றி. விரல் மூட்டுகளுக்கு இதைவிட நல்ல சூடு கிடையாது, ஒவ்வொரு விரலையும் சுற்றிப் பிடிக்கும். பாரஃபின் மெழுகு ஏழு பங்கு, லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெய் ஒரு பங்கு. எண்ணெய் கலப்பது உருகுநிலையைத் தாழ்த்த. மெழுகுவத்தியை மட்டும் உருக்கினால் 60 டிகிரிப் பக்கம் போய்க் கை வெந்துவிடும். கைக்கு 52 முதல் 54 டிகிரி, மெல்லிய தோலுக்கு 50 போதும். அதே 52இல் தண்ணீர் என்றால் கையை வைக்க முடியாது. மெழுகு வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதாலும், தோலில் பட்டதும் உறைந்து ஒரு உறைபோல நிற்பதாலும்தான் தாங்குகிறது.

மோதிரம் கழற்றி, கையைக் கழுவி, ஈரம் சொட்டுக்கூட இல்லாமல் துடைக்க வேண்டும். மெழுகுக்கடியில் சிக்கும் ஒரு துளி நீர்தான் சுடும். விரல்களைச் சற்று விரித்து, மணிக்கட்டுவரை முக்கி எடுத்து, பளபளப்பு மங்கும்வரை மூன்று நொடி நிறுத்தி, மறுபடி. 8 முதல் 10 முறை. நடுவில் விரலை அசைத்தால் உறை விரிசல் விட்டு, அடுத்த முக்கில் சுடு மெழுகு உள்ளே புகும். அடுத்தடுத்த முக்கு முதல் முக்கின் கோட்டைத் தாண்டி மேலே போகக் கூடாது. பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் தொடக் கூடாது. பிறகு பிளாஸ்டிக் பை, அதன்மேல் டவல், 15 முதல் 20 நிமிடம். உரித்தெடுத்த கையோடு விரலை மடக்கி நீட்டும் பயிற்சி, மென்மையான பந்தை அழுத்துவது.

ஆனால் உங்கள் இல்லத்தில் வேண்டாம் என்பேன். தெர்மோஸ்டாட் உள்ள கருவி இல்லாமல் கேஸ் அடுப்பில் செய்தால் மெழுகு தீப்பிடிக்கும். ஒருவர் உரித்த மெழுகைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டால் தோல் தொற்று அடுத்தவருக்குப் போகும். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருநாள் வரும் பிசியோ கருவியோடு வந்து செய்யட்டும். மற்ற நாட்களில் ஒரு பேசினில் 38 முதல் 40 டிகிரித் தண்ணீர், கையை உள்ளே வைத்தபடியே பத்து நிமிடம் விரலை மடக்கி நீட்டச் சொல்லுங்கள், ஸ்பாஞ்சைப் பிழியச் சொல்லுங்கள். மெழுகின் பலனில் பெரும்பகுதி இதில் கிடைத்துவிடும்.

ஆர்த்ரோ_77:

நல்ல இழை. எதிர்பார்ப்பைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். முடக்குவாதத்துக்கான 2002 காக்ரேன் தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது) சூட்டுப் பையோ ஐஸ் பேக்கோ நோயின் அளவீடுகளை மாற்றியதாகத் தெரியவில்லை. மெழுகும் பயிற்சியும் சேர்ந்தபோது மட்டும் கைகளுக்குக் குறுகிய காலப் பலன் கிடைத்தது. முழங்கால் தேய்மானத்துக்கான 2003 தொகுப்பாய்வில் ஐஸ் மசாஜ் அசைவையும் தொடைத் தசை வலுவையும் கூட்டியது, ஐஸ் பேக் வீக்கத்தைக் குறைத்தது, சூட்டுப் பை வீக்கத்தைத் தொடவில்லை. எல்லாமே சின்ன ஆய்வுகள். அதே அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் முழங்கால், இடுப்பு, கை தேய்மானத்துக்குச் சூட்டையும் குளிரையும் நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. கைக்கு மெழுகையும் அப்படியே. அதாவது பலன் சிறிது, கேடு அதைவிடச் சிறிது, ஆளுக்கு ஒத்துவந்தால் செய்யலாம்.

முடக்குவாதக்காரர் காலையில் விறைப்பு விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால், கூடுதல் ஒத்தடம் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். மருந்து போதவில்லை என்று பொருள். எத்தனை நிமிடத்தில் விறைப்பு விட்டது என்று ஒத்தடச் சீட்டிலேயே ஒரு கட்டம் போட்டு எழுதிவந்தால் டாக்டருக்கு அதுதான் உதவும். தேய்மானத்தில் இது பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும்.

பகல்டூட்டி:

கட்டம் சேர்த்துவிட்டேன். ஒருவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருடம். உள்ளே உலோகம் இருப்பதால் சூடு கூடாது என்று மகன் சொல்கிறார், சரியா?

மூட்டசைவு:

கிளினிக்கில் மின்காந்த அலையால் ஆழமாகச் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதர்மிக்குத்தான் அந்தத் தடை. அது உலோகத்தையே சூடாக்கும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் அது கூடாது. வெந்நீர்ப் பையின் சூடு உலோகத்தைச் சூடாக்கும் அளவுக்கு உள்ளே போகாது, காயம் முழுதும் ஆறியிருந்தால் தசைக்குக் கொடுக்கலாம். தழும்பைச் சுற்றி, குறிப்பாக வெளிப்பக்கம், உணர்வு குறைந்திருக்கும். டம்ளர் சோதனையை அங்கேயும் செய்துவிட்டு வையுங்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த முழங்கால் புறங்கைக்குச் சூடாக இருந்தால் பையை வைக்காமல் அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

வார்டு_அக்கா:

ஒரு சின்னத் திருத்தம். டம்ளர் சோதனைக்கு 40 டிகிரின்னு எழுதினேன். டம்ளரை நிரப்பி அஞ்சு நிமிஷம் விட்டா அது ஆறிடும், ஐஸ் டம்ளர் வெளியில வேர்க்கும். ஈரத்தை வெச்சே குளிர்னு கண்டுபிடிச்சுடுவாங்க. ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கம் துடைச்சுட்டு வைங்க, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வெந்நீரை மாத்துங்க.